பாதி கடவுச்சொல்

மென்பொருளைத் தொகுத்து முடிக்கும் 'பில்ட்' பொத்தானை அக்கா மறுபடியும் தட்டினாள். மறுபடியும் திரை சிவந்தது: "கையெழுத்துச் சாவியைத் திறக்க முடியவில்லை. கடவுச்சொல் தவறு."

நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தில்லாத மென்பொருளை வாடிக்கையாளரின் கணினிகள் வாசலிலேயே விரட்டிவிடும். மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் கைநழுவிப் போகும். கடவுச்சொல்லைப் போன வாரம் மாற்றிய தம்பியோ பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். போனில் பிடித்தாள்.

"டேய், பாஸ்வேர்டைச் சொல்லுடா!"

"அது குழந்தைக்கு வெச்சிருக்கிற பேரு, அக்கா. பொறக்கிற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்னு உன் நாத்தனார்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"நாத்தனாரா? அவ எனக்குத் தம்பி பொண்டாட்டிடா! பதற்றத்துல உறவே மறந்துபோச்சா? இங்க என் தலை உருளுது!"

அப்போது கதவுக்கு உள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. தம்பி சிரித்தான், அழுதான், ஒரு பெயரைச் சொன்னான். அக்கா அதை டைப் அடித்தாள். மீண்டும் சிவப்பு.

"தப்புன்னு வருதுடா!"

"அது பாதிதான்க்கா. மீதியைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்."

"பாஸ்வேர்டுல என்னடா பாதி, மீதி?"

பதிலுக்குக் கதவுக்குள்ளிருந்து இன்னொரு குரல் வீறிட்டது. தம்பி அடுத்த பெயரைச் சொன்னான். இரண்டையும் சேர்த்து அடித்தாள். திரை பச்சையானது.

"அடப்பாவி," என்று கூவினாள் அக்கா, "ரெட்டைப் பிள்ளைங்களாடா?"