மாப்பிள்ளையின் எடை

கிழக்கு வெளுக்கும் முன்பே சுரங்க மீட்புப் பயிற்சி மையத்தின் இரும்புப் படிகளில் ஸ்ட்ரெச்சர் ஏறிக்கொண்டிருந்தது. நிஜச் சுரங்கத்தில் வழி குறுகல். ஸ்ட்ரெச்சரை நட்டுக்குத்தலாக நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். வார்கள் உள்ளங்கையை அறுத்தன. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கிடந்தது ஆளுயரப் பொம்மை. ஊரே சுமக்க, சொகுசாகப் படுத்து வருவதால் நாங்கள் அதை மாப்பிள்ளை என்போம்.

நாங்கள் என்றால் நர்சுகளும் ஆம்புலன்ஸ்காரர்களும். அன்று காலையே பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாடையே இல்லாத மலைக்காட்டுச் சுரங்கத்துக்கு மீட்பு வேலைக்குப் போக வேண்டியவர்கள். என் புருஷன் அங்கேதான் பாறை துளைக்கிறார். கல்யாணமானதிலிருந்து லீவுக்கு லீவு வந்துபோகும் புருஷன். இந்த வேலை நிலைத்தால் ஒரே கூரையின் கீழ் குடித்தனம். எனக்கு அதுதான் உயிர்.

லீவு முடிந்து அதே பஸ்ஸுக்குக் காத்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர், நல்ல வாட்டசாட்டம், பொம்மையை இறக்கக் கைகொடுக்க வந்தார். அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, மனுஷனா தலகாணியா?"

புரட்டிப் பார்த்தோம். முதுகில் புதுத் தையல். பிரித்தால், மணல் இருந்த இடத்தில் பஞ்சு. அடப்பாவி! முதல் வாரம் அசைக்கக்கூட முடியாமல் திணறிய நாங்கள், பிறகு சுலபமாகத் தூக்கியபோது கைக்கு வலு வந்துவிட்டதென்று பீற்றிக்கொண்டோமே!

மையத்து முதலாளி வந்தார்.

"சார், மணல் எங்க?" என்றார் ஆம்புலன்ஸ் அண்ணன்.

"நீங்கதான் தூக்கும்போதெல்லாம் கீழ போட்டீங்களே! அதான் எடுத்துட்டேன். சுரங்கத்துல ஆள் கேக்கறாங்க. பொம்மையவா அனுப்ப முடியும்?"

"இப்ப அதத்தான் அனுப்பறீங்க."

"அங்க போய்ப் பழகிக்கலாம்யா."

"யாரக் கீழ போட்டு சார் பழகறது?" என்றேன். "என் புருஷனையா? முழு எடையில சொல்லிக்குடுங்க. அப்புறம் ஏறறோம்."

"ஏறாதவங்க வீட்டுக்குப் போகலாம். நர்சுக்கா பஞ்சம்?"

டிரைவர் ஹாரன் அடித்தார். பொய் சொல்ல மாட்டேன், கால் பஸ் பக்கம்தான் இழுத்தது. ஏறினால் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் படியில் அவர் கிடப்பதும் என் பிடி நழுவுவதும் கண்ணுக்குள் ஓடின.  பையைக் கீழே வைத்தேன்.

"நானும் ஏறல," என்றார், எதற்கும் வாய் திறக்காத மூத்த நர்சு அக்கா. ஒவ்வொரு பையாகத் தரையில் இறங்கியது.

முதலாளி தொழிலாளி பக்கம் திரும்பினார். "நீ ஏறுய்யா. உனக்கெதுக்கு இந்த வம்பு?"

"அடிபடப் போறது நாங்க. வம்பு மட்டும் அடுத்தவங்களுதா?"

சொன்னவர் ஸ்ட்ரெச்சரில் படுத்து, வாரைத் தானே இழுத்துக் கட்டிக்கொண்டார். "தூக்குங்கம்மா. போடறதுன்னா இங்கயே போடுங்க. அங்க வேணாம்."

பஸ்ஸில் ஏறியிருந்த மற்ற சுரங்கத் தொழிலாளிகளும் இறங்கி வந்தார்கள்.

வேலை இருக்கிறதா போயிற்றா, தெரியாது. தலைமாட்டைப் பிடித்தேன். அம்மாடி, என்ன கனம்! முதல் படியிலேயே முட்டி மடங்கியது. அக்கா தோள் கொடுத்தார். கீழிருந்து சுரங்கத்துக் கைகள் தாங்கின. ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் அடுத்த படியில் கால் வைத்தோம்.