மூவாயிரம் பேர் பார்த்த வரைவு

வாடிக்கையாளர்களின் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் கம்பெனியின் ஒரே வேலை. அதைத்தான் கோட்டை விட்டோம். இன்ஜினியர் ஒருவர் எதையோ தட்டப்போய் எதையோ தட்டியதில், இரண்டு வருடப் படங்கள் பூண்டோடு போய்விட்டன. அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. "படங்கள் அழிந்துவிட்டன" என்று எழுதினேன்.

இயக்குநருக்கு அந்தச் சொல்லே ஆகாது. வரைவு நெட்டில் திறந்திருக்கும்; அவர் தம் அறையிலிருந்தும் நான் என் மேஜையிலிருந்தும் ஒரே பக்கத்தில் திருத்துவோம். "அழிந்துவிட்டன" போய் "தற்காலிகமாகக் கிடைக்கவில்லை" வந்தது. பிறகு "ஓய்வில் உள்ளன" என்று மாற்றினார். படங்களுக்கு என்ன, காய்ச்சலா?

"அனுப்பிடுங்க" என்றார். இருந்த எரிச்சலில், இறுதிப் பிரதிக்குப் பதிலாக வரைவின் லிங்க்கையே கவனிக்காமல் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பித் தொலைத்தேன். அனுப்பச் சொன்ன பிறகும் மெருகேற்றிக்கொண்டிருப்பது அவருடைய வியாதி.

அக்கா போன் செய்தாள். அவளும் வாடிக்கையாளர்தான்; சேர்த்துவிட்டதே நான்தான்.

"ஏண்டி, உங்க அறிக்கையில எழுத்து தானா மாறுது. 'ஓய்வில்'ங்கறத எடுத்துட்டு 'இளைப்பாறுகின்றன'ன்னு யாரோ அடிக்கிறாங்க."

பக்கத்தின் மூலையைப் பார்த்தேன். பார்வையாளர்கள் மூவாயிரத்து நாற்பது பேர். லிங்க்கை மூட மவுஸைப் பிடித்தேன்.

"ஓய்வுன்னா திரும்பி வந்துரும்தானே?" என்றாள் அக்கா. "பழைய போனைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கக் கடையில நிக்கறேன். பாப்பா படமெல்லாம் இதுலயும் இருக்கு. அழிச்சுட்டுத்தான் குடுக்கணுமாம்."

"அழிக்காதக்கா. இங்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த மூவாயிரம் பேரில் இன்னும் எத்தனை பேர் இப்படிப் பழைய போனோடு நிற்கிறார்களோ? வேலை போனால் போகட்டும் என்று லிங்க்கை மூடாமல் தட்டினேன்: "படங்கள் அழிந்துவிட்டன. தவறு எங்களுடையது. பழைய போனில் இருக்கும் படங்களை அழிக்காதீர்கள்."

இயக்குநரின் கர்சர் ஓடிவந்து முதல் வாக்கியத்தை விழுங்கியது. மறுபடி அடித்தேன். மறுபடி விழுங்கியது. இரண்டாவது வாக்கியமும் போனது. மூன்றாவதற்கு வந்ததும் கர்சர் அப்படியே நின்றுவிட்டது.

அறைக் கதவு திறந்தது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"பழைய போன்ல அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி காலையிலதான் கடையில குடுத்தா. குடுக்கலாமான்னு என்னைத்தான் கேட்டா. படமெல்லாம் ஓய்வுல இருக்குன்னு சொன்னேன்."