கேரலின் வயிற்றில் தங்கிய சத்தம்

என் பேத்தி கேரலுக்கு எட்டு வயது. அவள் குரல் எவ்வளவு சன்னம் என்றால், வகுப்பில் அவள் சொல்லும் "பிரசன்ட் மிஸ்" மிஸ்ஸின் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும். முதல் பெஞ்சில் தவறாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரே பருவத்தில் முப்பத்தொரு நாள் ஆப்சென்ட். ரிப்போர்ட் கார்டைப் பார்த்த என் மகள் ஜூடித், பிள்ளையை டேக்வாண்டோவில் சேர்த்தாள். ஜூடித் நர்ஸ், எதற்கும் ஒரு கோர்ஸ் உண்டு என்று நம்புகிறவள்.

மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காயக் கிடங்கின் மொட்டை மாடியில், வாரம் மூன்று மாலை வகுப்பு. கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. ஆறு மாதத்தில் வந்த நன்மைகளை நான் மறுக்க மாட்டேன். முதுகு நிமிர்ந்தது. புத்தகப் பையைத் தானே தூக்கினாள். இரண்டு வாய் உப்புமாவோடு எழுந்து போனவள், என் தட்டையும் பார்க்க ஆரம்பித்தாள். உதைப்பதற்கு முன் எதிராளியைக் குனிந்து வணங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கேரல் அதை வீட்டுக்கும் கொண்டுவந்து, கொசுவை அடிக்கும் முன் அதற்கொரு வணக்கம் வைத்தாள். கொசு பதில் வணக்கத்துக்காக நிற்கும்போது அடி விழும். எங்கள் வீட்டில் கொசு ஒழிந்தது இப்படித்தான்.

சத்தம் மட்டும் வரவில்லை. உதையும் கத்தலும் ஒரே கணத்தில் வர வேண்டும். கத்தல் இல்லாத உதை செல்லாது.

"வயித்துலேர்ந்து கூகம்மா, ஜோரா!" என்று கன்னடம் கலந்து கத்தச் சொல்வார் மாஸ்டர் மஞ்சுநாத். கேரல் வாயைத் திறப்பாள். கீழே போகும் ஆட்டோதான் கேட்கும்.

ஒரு நாள் வழியில் கேட்டேன். "ஏம்மா, கத்தக் கூச்சமா?"

"இல்ல தாத்தா. வாய்கிட்ட வருது. திரும்பிப் போயிடுது."

"எங்க போகுது?"

வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

வாரம் மூன்று வகுப்பு, வகுப்புக்கு நாற்பது கத்தல், ஆறு மாதம். மூவாயிரத்துச் சொச்சம் கத்தல் அந்தச் சின்ன வயிற்றில். ஜூடித்திடம் சொன்னேன்.

"கேஸா இருக்கும்ப்பா. சீரகத் தண்ணி குடுங்க" என்றாள்.

மஞ்சள் பெல்ட் பரீட்சை வந்தது. ஹனூரிலிருந்து ஆறுமுகசாமி என்ற பரீட்சகர் வந்திருந்தார். கேரல் என் விரலை விடவேயில்லை.

"தாத்தா, இங்கயும் எனக்கு ஆப்சென்ட் போட்டுடுவாங்களா?"

வெள்ளை பெல்ட்டின் முடிச்சை இறுக்கிவிட்டு அவளை முன்னே அனுப்பினேன்.

மஞ்சுநாத் பலகையைப் பிடித்தார். அவள் வணங்கினாள், உதைத்தாள். சத்தம் இல்லை. பலகையும் அசையவில்லை.

"ஒண்ணும் கேக்கலியே கண்ணு. இன்னொருக்கா பாக்கலாம், அதுதான் கடைசி" என்றார் ஆறுமுகசாமி. பேனா தாளுக்கு மேலே நின்றது.

கேரல் அந்தப் பேனாவையே பார்த்தாள். மிஸ்ஸும் அப்படித்தான் பிடிப்பாராம். மறுபடி வணங்கினாள். மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினாள்.

மூவாயிரமும் ஒன்றாக வந்தது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கால் தரையை விட்டு எழும்புவதற்குள் பலகை இரண்டாகப் போனது. மஞ்சுநாத் கைக்கொரு துண்டைப் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டிவரை சறுக்கிப் போனார். சந்தில் நிறுத்தியிருந்த பதினேழு ஸ்கூட்டர்கள் தாமாகவே ஸ்டார்ட் ஆயின. கிடங்கில் இருந்த வெங்காயமெல்லாம் தோலை உரித்துப் போட்டுவிட, மூட்டை தூக்குகிறவர்கள் கண்ணீரோடு தெருவுக்கு ஓடினார்கள். கிடங்குக்காரர் மல்லப்பன் மட்டும் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"யாருப்பா அது? நாளைக்குப் பூண்டு வருது. வருவீங்களா?"

ஆறுமுகசாமி காதைக் குடைந்துகொண்டார். "சத்தம் போதுமுங்க. ஆனா பலகையக் காலுதான் ஒடைக்கோணும். இது சத்தம் ஒடைச்சது. செல்லாதுங்க."

"இன்னும் ஒரே ஒரு பலகை இருக்கு சார்" என்று தொட்டிப் பக்கமிருந்து மஞ்சுநாத் எழுந்தார்.

ஆறுமுகசாமி கேரல் முன் குனிந்து, எந்தப் பரீட்சகரும் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டார். "கண்ணு, கொஞ்சம் மெதுவாக் கத்துறயா?"

கேரல் சிரித்தாள். அதுவே பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டது. பிறகு வணங்கினாள், அளவாகக் கத்தினாள், காலால் உடைத்தாள். மஞ்சள் பெல்ட் அந்த இடுப்பை இரண்டு சுற்று சுற்றியது.

திங்கட்கிழமை மிஸ் பெயர் கூப்பிட்டார். கேரல் வயிற்றிலிருந்து "பிரசன்ட் மிஸ்" என்றாள். அன்றிலிருந்து கேரலுக்கு ஒரு நாளும் ஆப்சென்ட் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியிலும் அவளுக்கு முழு வருகை போட்டிருக்கிறார்கள். அங்கே போய் ரிப்போர்ட் கார்டு வாங்கத்தான் எனக்கு நேரமில்லை.