ஊருக்கு அனுப்ப ஒரு படம்

பேச்சியம்மா தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தரம் சொன்னாள். அந்த ஒரு தரமே போதுமாக இருந்தது.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து நிறுக்கும்போது எடையை வெட்டுகிறார்கள் என்று நான்கு நாள் வேலைநிறுத்தம். மூன்றாம் நாள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூடி நின்றவர்கள் முன்னால், தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். ஏசவில்லை, பேசவுமில்லை. கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். அதுவரை யாரும் அவர்களைப் படம் பிடித்ததில்லை. கோஷம் நின்றுபோய், முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். சங்கத் தலைவர் கந்தப்பன்கூட மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

சங்கம், சண்டை எதிலும் சேராத அவள் புருஷன் பின்னால் ஒதுங்கி நின்றான். பேச்சியம்மாதான் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்தாள். முசிறியில் இருக்கும் மாமியார், மகன் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"சட்டைப் பொத்தானைப் போடுங்க" என்றாள்.

வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் மலைக்குத் திரும்பினார்கள். பத்து நாள் கழித்துக் கண்டாக்கையா, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தார். தோட்ட மேற்பார்வைக்குப் புதிதாக வந்தவர். யார் முகமும் தெரியாது. தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு நின்ற பேச்சியம்மாவிடம் படத்தை நீட்டினார். முன்வரிசையில் ஏழு முகங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். ஏழாவது அவள் புருஷன்.

"இவங்களுக்கெல்லாம் படம் குடுப்பாங்களாங்க?"

கண்டாக்கையா சிரித்தார். பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். கந்தப்பன், வீரய்யா, செல்லசாமி என்று விரல் வைத்து ஆறு பேரையும் சொன்னாள்.

"இது?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"வீட்டுக்காரருன்னு எழுதினா படம் எவன் வீட்டுக்குப் போகும்?"

அதுவும் நியாயமாகப் பட்டது. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "ஆண்டியப்பன்" என்றாள். வெட்கத்தில், குடம் நிறைந்து வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் கண்டாக்கையா தாளைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார். அவள் சொன்ன அதே வரிசை. படம் வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவர் கையிலும் அவர் வைத்தது பத்துச்சீட்டு. வேலை போயிற்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் லயக் காம்பிராவையும் காலி செய்ய வேண்டும்.

ஆண்டியப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் சங்கத்துலகூட இல்லியே. எம் பேர எவன் சொன்னான்?"

கந்தப்பன் கூட்டத்தை ஒவ்வொரு முகமாக முறைத்தார். காட்டிக்கொடுத்தவன் குடும்பம் விளங்காது என்று வீரய்யாவின் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள்.

பேச்சியம்மா முன்னால் வந்தாள். முதுகில் கிடந்த கொழுந்துக் கூடை நழுவி விழுந்தது.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள். "எல்லாப் பேரையும். ஊருக்கு அனுப்பப் படம் தருவாங்கன்னு."