ஒரு மடக்குப் பேரியம்

குழந்தைகளைப் பேரியம் குடிக்க வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. எக்ஸ்ரே அறையில் இருபது வருடம். சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் இருக்கும் அந்த மருந்து. அது உள்ளே இறங்கினால்தான் உணவுக்குழாய் திரையில் தெரியும். அழுகிற பிள்ளைக்கு ஒரு கதை சொல்வேன், டம்ளர் காலியாகிவிடும்.

அன்றைக்கு வந்தவள் நாலு வயதுக்காரி. தின்றதெல்லாம் வாந்தி. முதல் மடக்கு நல்லபடியாக இறங்கியது. குடிக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா வழக்கம்போல் சொன்னார். நானும் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு, எறும்பு செருப்புக் கடைக்குப் போன கதையை ஆரம்பித்தேன். வாய் சும்மா இருந்தால்தானே?

இரண்டாவது மடக்கு வாயில் இருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரையில் வெள்ளைக் கோடு வழிமாறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. இருமினாள். அப்புறம் இருமலும் நின்றுபோயிற்று. உதடு நீலம் பாய்ந்தது.

டாக்டரம்மா அவளை ஒருக்களித்துக் கிடத்தி, உறிஞ்சுகுழாயை வாய்க்குள் விட்டார். நான் ஆக்சிஜன் முகமூடியோடு நின்றேன். ஈயக் கவசம் மாட்டி மூலையில் நின்ற அவளுடைய அம்மா ஓடி வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். குழாயில் வெள்ளையாகச் சளி ஏறியது. ஒரு கேவல், பிறகு அழுகை. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

நுரையீரலில் கொஞ்சம் தங்கியிருந்ததால் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்று டாக்டரம்மா தாயிடம் சொன்னார். ஒளிந்துகொள்ள எனக்கு அந்த வார்த்தை போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட இருந்ததோ அடுத்தவர் பிள்ளை. சாயங்காலம் வார்டுக்குப் போனேன்.

"அபூர்வமெல்லாம் இல்லம்மா. வாயில மருந்து இருக்கும்போது நான்தான் சிரிக்க வெச்சேன். பேசாதீங்கன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல."

தாய் என்னையே பார்த்தாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் கட்டிலிலிருந்து கம்மிய குரல் வந்தது.

"மாமா, கடைக்காரர் எறும்புகிட்ட என்ன கேட்டாரு?"

அம்மா குனிந்து மகளை வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னத்துக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தாள்.

"வாயில ஒண்ணுமில்ல" என்றாள் என்னிடம். "இப்பச் சொல்லுங்க."