பச்சைப் பட்டனும் பத்துக் கதவும்

மச்சினனுக்கு லோடுமேன் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு. முதுகு பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க ஒரு ஆள், உட்கார ஒரு ஆள் என்று கிடந்த காலத்தில் வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் வாங்கின கடன். போய் வாங்கிவந்தவள் அவன் மனைவி. தம்பியின் பஞ்சர் கடை வாசலில், டயர்களுக்கு நடுவே நின்று, "என் முகத்துக்காகக் குடுடா. ஒத்தக் காசு குறையாமத் திருப்பித் தருவோம்" என்று கேட்டு வாங்கினாள்.

இப்போது தம்பிக்கே நெருக்கடியாம். கடையில் காற்றடிக்கிற கம்ப்ரசருக்கு மூச்சிரைக்க ஆரம்பித்துவிட்டது, புதுசுக்கு முன்பணம் கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகப் பணம் வேண்டும் என்று போன் மேல் போன். நல்லவேளை, ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது முழுசாக லோடுமேனின் போன் கணக்கில் இருந்தது.

"அதுல கை வச்சிறாதீங்க. என் தம்பி பொண்டாட்டி முன்னாடி நான் தலை நிமிர்ந்து நிக்கணும்" என்றாள் மனைவி.

"நான் எதுக்குடி கை வைக்கப் போறேன்?" என்றான்.

சொன்னபடியே கை வைக்கவில்லை. கட்டைவிரலைத்தான் வைத்தான்.

அவன் வேலை பார்த்த கோடவுனில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவனை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே போவான். டீ நேரத்தில் லோடுமேனின் போனைப் பிடுங்கி விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

"எனக்கு எதுக்குடா இந்தச் சின்னப்புள்ள வேலை?"

"அண்ணே, எழுத்தெல்லாம் தமிழ்லயே வருது. படிச்சுப் பழகலாம். பேப்பரைக் கையில எடுத்தா ரெண்டாவது வரியிலயே குறட்டை விடுறீங்க. இதுல தூக்கமே வராது."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் அப்படியே பலித்தது.

லோடுமேன் எழுத்துப் படித்தது நாற்பது வயசுக்கு மேல், தொழிலாளர் சங்கத்து அறையில் நடந்த மாலை வகுப்பில். 'க'வும் 'த'வும் இன்றைக்கும் அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. யார் எவர் என்று கொஞ்சம் உற்றுப் பார்த்துத்தான் சொல்லுவான்.

மறுநாள் கன்வேயர் பெல்ட் அறுந்துபோய், மத்தியானமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, விளையாட்டைத் திறந்தான்.

கடற்கரையில் ஒரு பையன் குப்புறக் கிடந்தான். விரல் பட்டதும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். முதுகில் மடக்கின குடை ஒன்று. சுற்றிலும் புல், புல்லுக்கு அப்பால் மலை, மலைக்கு அப்பால் எங்கேயோ புகை. லோடுமேனுக்கு முதல் பயம் அந்தப் புல்லைப் பார்த்துத்தான் வந்தது. கோடவுனில் தரை முழுக்க மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் வண்டி. கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். இங்கே கோடே இல்லை. எங்கே வேண்டுமானாலும் போ என்று அவிழ்த்துவிட்டிருந்தார்கள். யாருடைய இடம் இது, யாரைக் கேட்டு நுழைவது? பையன் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குள் ஓடியபோது, "டேய், செடிடா, செடியப் பாத்துப் போடா" என்று ஆளில்லாத வீட்டில் வாய்விட்டுக் கத்தினான்.

அவ்வளவு பெரிய வெட்டவெளியில் மனிதனென்று ஒருவர் கண்ணில் படவில்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்ததால் நாலடிக்கு ஒரு தரம் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு தடவை திரும்பியபோது நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. கொம்பு வைத்த ஏதோ ஒன்று, புல்லுக்கு மேலே முதுகு மட்டும் தெரிய. அடிக்க எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று எழுதித்தான் காட்டினார்கள். அவன் இரண்டாவது எழுத்துக்கு வருவதற்குள் எழுத்து மறைந்துவிட்டது. பையனைப் பாறை மேல் ஏற்றினான். பாதி வழியில் பையனுக்கு மூச்சு முட்டிக் கை வழுக்கியது.

விழுந்த சத்தம் லோடுமேனுக்குத் தெரிந்த சத்தம். கூட வேலை பார்த்த ஒருத்தன் லாரி மேலிருந்து விழுந்தபோது கேட்டது. போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புரட்டிப் பார்த்தால் பையன் மறுபடி கடற்கரையில் நின்று மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தோளில் உட்கார்ந்திருந்த மின்மினிப் பூச்சி ஒன்று கொஞ்சுகிற குரலில் பேசியது: "பரவாயில்லை! இந்தா, உனக்குப் பத்துச் சாவி!"

கீழே விழுந்தவனுக்குப் பரிசா? உள்ளே வந்ததற்குப் பரிசு, நடந்ததற்குப் பரிசு, செத்ததற்கும் பரிசு. கடன்பட்டவனுக்கு இந்த உபசாரம் தெரியும். வட்டிக்கு விடுகிறவன் முதல் நாள் நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போடுவான். 'சும்மா குடுக்கிறான்னா எங்கேயோ புடுங்கப் போறான்' என்று நினைத்தான். சரியாகத்தான் நினைத்தான். நினைத்துக்கொண்டே சாவியை எடுத்தான்.

சாவி எதற்கென்றால் கதவைத் திறப்பதற்கு. வரிசையாகப் பத்துக் கதவு. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பொருளோ ஆளோ இருக்கும். நீல வெளிச்சம் வந்தால் துருப்பிடித்த கத்தி, தங்க வெளிச்சம் வந்தால் பெரிய ஆள். பத்தும் நீலமாகவே திறந்தன. அப்புறம் திரையில் ஒரு பலகை வந்து நின்றது. நிறைய எழுத்து, மூலையில் ஓடுகிற கடிகாரம், கீழே பச்சைப் பட்டன்.

லோடுமேனின் கட்டைவிரல் அதை அமுக்கியது.

இதில் அவன் கட்டைவிரலைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? கோடவுனில் பெட்டிக்குப் பெட்டி ஸ்கேனரைக் காட்ட வேண்டும். அது கீச்சென்று கத்தி ஏதோ எழுதிக் காட்டும். கீழே பச்சை வரும். முதல் வாரம் லோடுமேன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றான். பின்னால் மூன்று லாரி நின்றது. "படிக்காதய்யா, அமுக்குய்யா!" என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினார். அன்றிலிருந்து பச்சை வந்தால் அமுக்கு. கண் வேறெங்கோ இருக்கும், விரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த விரலைத்தான் அவன் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான்.

பலகை வந்தது, அமுக்கினான். கதவு திறந்தது. கடிகாரம் ஓடியது. மறுபடி பலகை, மறுபடி பச்சை. ஐந்தாவது தடவை கடைசிக் கதவு திறக்காமல் அதிர்ந்தது. உள்ளேயிருந்து மழைச் சத்தம். சந்து வழியே தங்க வெளிச்சம் வழிந்து, நனைந்த கூந்தலோடு ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் இடியைக் கயிறு மாதிரி சுற்றி வைத்திருந்தாள். "இவ்வளவு நேரம் என்னைக் காக்க வைத்தாயே" என்றாள்.

தன்னைத் தேடி ஒருத்தர் வந்து இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. "வாம்மா, வா" என்றான்.

அப்போதுதான் போன் ஒலித்தது. டிங். டிங். ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து செய்தி, பணக் கணக்கிலிருந்து. எழுத்தில்தான் அவன் மெதுவே தவிர, எண்ணில் யாரும் அவனை ஏமாற்ற முடியாது. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து முந்நூறு. கடைசிச் செய்தியில் மீதி: பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்.

கால் கட்டிலுக்குக் கீழே தரையைத் தேடியது. காசு போவதற்கு முன் போன் விரல் ரேகை கேட்டிருக்க வேண்டுமே என்றால், அட்டைப்பெட்டி தேய்த்துத் தேய்த்து அவன் விரலில் ரேகையே மிச்சமில்லை. போன் அவனை அவன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. போன் கடைக்காரர்தான் சலித்துப்போய், "இனிமே உங்களை எதுவும் கேக்காதுண்ணே" என்று அதை எடுத்துவிட்டிருந்தார்.

ஹாரனுக்குப் போன் போட்டான்.

"என்னண்ணே, மூச்சு வாங்குது? மலை ஏறுறீங்களா?"

"பணம் போயிருச்சுடா. ஆறாயிரத்தி ஐநூறு."

ஹாரன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "அண்ணே, பச்சை வந்தா காசுண்ணே. அந்தப் பலகையைப் படிக்கவே இல்லையா?"

"திருப்பிக் கேட்டா தர மாட்டானா?"

"கதவைத் திறக்காம இருந்திருந்தா கேட்டுப் பாக்கலாம். திறந்துட்டா அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, எதுவும் தங்கம் விழுந்துச்சா?" என்று கேட்டான். லோடுமேன் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி மறுபடியும் கூப்பிட்டான். ஞாயித்துக்கிழமை காலையிலயே போய்க் குடுத்துட்டு வந்துடுங்க. என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? முதுகா?"

"ஆமா, முதுகுதான்."

அவள் தைலத்தை எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. மின்மினிப் பூச்சி கூப்பிடுகிறதோ என்று உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பூச்சிதான். 'உன்னைக் காணோமே' என்று எழுதியிருந்தது. வட்டிக்காரன்கூட ராத்திரியில் தூங்கப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடைக்குப் போனான். மாடியில் வீடு, கீழே கடை. மச்சினன் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. கொண்டுவந்தீங்களா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் எதுவும் வாயில் வரவில்லை. "மச்சான், கொஞ்சம் குறையுது. உங்க அக்காவுக்குத் தெரியாது. போன்ல ஒரு விளையாட்டு... பச்சைப் பட்டனை அமுக்கிட்டேன்" என்று போனை நீட்டினான். அடிக்கட்டும், திட்டட்டும், அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

மச்சினன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான். விளையாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. நேராகத் திறந்தான், நேராக ஆட்கள் பக்கத்துக்குப் போனான். அந்தப் பெண் மழையோடு நின்றாள். டயர் மறு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் போனது.

"மாமா... இவளா? எத்தனை தடவைல?"

"அஞ்சு."

"அஞ்சா! நான் எத்தனை மாசமாத் தட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

லோடுமேன் கடையைச் சுற்றிப் பார்த்தான். பழைய கம்ப்ரசர் மூலையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. மூச்சிரைப்பும் இல்லை ஒன்றும் இல்லை.

"மச்சான், கம்ப்ரசருக்கு முன்பணம்னியே?"

"அது கெடக்குது மாமா." மச்சினன் தலையை நிமிர்த்தவில்லை. "இங்க பாருங்க, இந்தக் கணக்கை என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. ஆறாயிரத்தி ஐநூறை விட்டுடுறேன். மிச்சத்தை என் போனுக்கு அனுப்புங்க. இப்பவே. இன்னைக்கு மத்தியானத்தோட அந்தக் கதவு வரிசையை மூடிருவான்."

அவன் கட்டைவிரல் அதற்குள் பச்சைப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது. லோடுமேனுக்கு இரண்டு நாளாக இருந்த பயம் எங்கேயோ போய், அந்த விரலைப் பார்த்து அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. தலையை ஆட்டினால் போதும், கடன் தீர்ந்தது. மனைவிக்கும் தெரியப்போவதில்லை. போனை மெதுவாக அவன் கையிலிருந்து உருவி எடுத்தான். மாடிப்படிப் பக்கம் திரும்பி, "தங்கச்சி! கொஞ்சம் கீழ வாம்மா. பணம் கொண்டுவந்திருக்கேன்" என்று கூப்பிட்டான்.

"மாமா, அவளை எதுக்கு..." மச்சினன் குரல் இறங்கிப்போனது.

மச்சினன் மனைவி கையில் சோப்பு நுரையோடு இறங்கிவந்தாள். "வாங்கண்ணே. அண்ணி வரலையா?"

"இல்லம்மா. பதினோராயிரத்தி தொள்ளாயிரம் உன் கணக்குக்கு அனுப்புறேன். உனக்குத்தான். மிச்சம் ஆறாயிரத்தி ஐநூறை நான் போன் விளையாட்டுல விட்டுட்டேன். தப்புதான். உங்க அண்ணி மேல தப்பு இல்ல, அவளுக்குத் தெரியவே தெரியாது. ஓவர்டைம் பாத்துத் தந்துடுறேன்."

"விளையாட்டா? என்ன விளையாட்டுண்ணே?"

அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்க லோடுமேனுக்கு வாய் வரவில்லை. போனை மட்டும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். கதவுகள் வரிசையாக நின்றன. மின்மினிப் பூச்சி சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. ராத்திரி ராத்திரியாகக் புருஷன் தாழிட்டுக்கொண்ட குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்ட குரல் போலிருக்கிறது.

"ஆறாயிரத்தி ஐநூறு வேணாம் மாமா" என்றான் மச்சினன் அவசர அவசரமாக. "விட்டுட்டேன். தர வேணாம். கிளம்புங்க."

"நீயா விடுறே?" என்றாள் அவள். "ஓசியில காத்தடிச்சவனை ரெண்டு தெரு துரத்திக்கிட்டுப் போனவன் நீ."

மச்சினன் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லோடுமேன் பணத்தை அவள் கணக்குக்கு அனுப்பினான். பச்சைப் பட்டன் வந்தது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருந்த ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிக் கூட்டி, வாய்விட்டு, கடைசி வரை படித்தான். படித்து முடித்துத்தான் அமுக்கினான்.

மாடியில் அவள் போன் ஒலித்தது. அவள் அதை எடுக்கப் போகவில்லை.

"கணக்கு முடிஞ்சுதுண்ணே. ஒரு பாக்கியும் இல்ல. வீட்டுக்குப் போங்க, அண்ணியைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். பேச்சுத்தான் லோடுமேனிடம். நுரை சொட்டுகிற கை புருஷன் பக்கம் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி, அவன் போனுக்காக.