பட்டினித் தட்டு

பட்டுக்குப் பேர்போன மர்கிலான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு மோலாரா இரண்டு தட்டுகளில் பட்டுப்புழு வளர்த்தாள். முதல் தட்டுக்கு நாளைக்கு ஐந்து வேளை மல்பெரி இலை. இரண்டாவதற்கு இரண்டே வேளை. இலை குறைந்தால் புழு எவ்வளவு இளைக்கும் என்பதுதான் சோதனை. தேர்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் கோடையில் தாஷ்கண்ட் அறிவியல் முகாம். அவள் மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள்.

தேர்வாளர் வருவதற்கு முந்தின நாள் எடை போட்டாள். பட்டினித் தட்டுதான் கனத்தது. கண்ணுக்குத் தெரிந்த கொழுகொழுப்பைத் தராசாவது மறுக்கும் என்று நம்பியிருந்தாள், அதுவும் கைவிட்டது.

யார் வேலை என்று பார்க்க, மதிய இடைவேளையில் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முதலில் வந்தவர் காவலாளி எர்காஷ். வாசலுக்கு வந்தவனுக்கு ரொட்டி பிட்டு வைக்காமல் பேச்சையே ஆரம்பிக்காத ஊர் இது. இங்கே போய்ப் பட்டினி போடச் சொன்னால் நடக்குமா? அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்து இலையைப் பட்டினித் தட்டில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போனார். அடுத்து சமையற்கார ஹலீமா, கை நிறைய இலையோடு. அவளுக்கும் பின்னால், சோதனைக்கு விதி எழுதிக் கொடுத்த ஸெபோ டீச்சரே வந்தார்.

மோலாரா வெளியே வந்தாள். "டீச்சர், நீங்களுமா?"

"பாவமா தலையைத் தூக்கிப் பாக்குதுடி," என்றார் டீச்சர். "ஏன், நீ ஒருநாள்கூடப் போடலையா?"

தினம் வீட்டுக்குக் கிளம்பும்போது மோலாராவும் ஒரு இலை போட்டவள்தான்.

எடையை மாற்றி எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: காவலாளி, ஒரு கொத்து; சமையலறை, ஒரு கை; டீச்சர், இரண்டு இலை; நான், ஒன்று. எழுதும்போதே அழுகை வந்தது. முகாம் போச்சு.

மறுநாள் தேர்வாளர் ஷோகிர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நோட்டைப் படித்தார்.

"இது சோதனை இல்லம்மா, விருந்து," என்றார். செல்லாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து பட்டினித் தட்டைப் பார்த்தார். ஒரு புழு தலையைத் தூக்கியது. அவர் கை தன்பாட்டுக்குக் பக்கத்து இலைக்கூடைக்குப் போய் ஒன்றை எடுத்துப் போட்டது.

மோலாரா நோட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'தேர்வாளர், ஒன்று' என்று எழுதி அவரிடமே நீட்டினாள்.

"ஐயா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். பிறகு முகாம் பட்டியலை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

"தாஷ்கண்ட்ல வெயில் ஜாஸ்தி, தொப்பி எடுத்துக்கோ," என்றார், நிமிராமலே.